மதிவதனியின் பதினான்கு நாள் நோட்டீஸ்

அத்தியாயம் 9

பீரோ சாவி பலராமனின் காக்கிச் சட்டைப் பைக்குள் இறங்கியபோது விடிகாலை மணி ஐந்தேகால்.

அந்த பீரோவுக்குள் நகை இல்லை, பட்டுப்புடவை இல்லை. ஒரு பள்ளிக்கூடப் பை, சலவை செய்து மடித்த நீலப் பாவாடை, வெள்ளைத் தாவணி, ஒரு ஜாமெட்ரி பாக்ஸ். இவ்வளவுதான் இருந்தன. இன்றைக்குக் காலை பத்து மணிக்குப் பத்தாம் வகுப்பு அரையாண்டுக் கணக்குப் பரீட்சை. எழுத வேண்டியவள் பீரோவுக்கு எதிரே, சுவரில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மதிவதனி. வயது பதினைந்து. பிடிவாதத்துக்கு வயது இன்னும் கூடுதல்.

இந்த வீட்டை எட்டு வாரமாகப் பார்த்து வருகிறவர்களுக்கு எல்லாம் தெரியும். இன்றைக்குத்தான் படியேறி வருகிறவர்களுக்காக நாலு வார்த்தை.

பென்னலூர் பக்கம் உள்ள ஸ்பிரிங் கம்பெனியில் பலராமன் லைன் சூப்பர்வைசர். பத்தொன்பது வருஷ சர்வீஸில் ஒரு நாள்கூட லேட் இல்லை, ஒரு நாள்கூடப் பாதி ஷிஃப்ட்டில் கிளம்பியது இல்லை. மகள் பத்தாவது போனதும், ஸ்டோரில் வீணாகக் கிடந்த பழைய டைம் கார்டுகளில் ஒரு கட்டைக் கேட்டு வாங்கி வந்தார். சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே ஆணி அடித்துக் கார்டைத் தொங்கவிட்டார். எழுந்த நேரம், படிக்க உட்கார்ந்த நேரம், எழுந்து போன நேரம் எல்லாம் அதில் ஏற வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் படித்தால் ஓ.டி. மூன்றாம் வீட்டு சரோஜாவைப் பார்க்கப் போனால் 'அவுட்', அதுவும் அரை மணிதான். சனிக்கிழமை தோறும் சிவப்பு மையில் அப்பாவின் கையெழுத்து விழும்.

இது போதாதென்று மே மாதம் குண்டு வெடித்து ஸ்ரீபெரும்புதூர் முழுக்கப் போலீஸாக நின்ற நாட்களில் போட்ட சட்டம் ஒன்று. ஆறு மணிக்கு மேல் வாசப்படி தாண்டக் கூடாது. போலீஸ் போய் மாதங்கள் ஆகிவிட்டன. சட்டம் போகவில்லை.

பள்ளிக்கூடமும் சும்மா இருக்கவில்லை. காலை எட்டுக்கு ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் ஐந்தரை வரை ஸ்பெஷல் கிளாஸ், சனிக்கிழமை மாடல் டெஸ்ட். ஞாயிற்றுக்கிழமை ஒன்று மிச்சம் இருந்தது. அதைக் கார்டு தின்றது. ஜூனில் கணக்கில் எண்பத்தொன்று வாங்கியவள் காலாண்டில் அறுபத்தெட்டு வாங்கினாள். நவம்பர் மாடல் டெஸ்டில் ஐம்பத்தொன்பது. மார்க் இறங்க இறங்க பலராமன் நேரத்தை ஏற்றினார்.

டிசம்பர் முதல் தேதி மதிவதனி நோட்டீஸ் கொடுத்தாள். முறைப்படி, எழுத்தில். "பதினாலு நாளு நோட்டீஸ் குடுக்காத ஸ்டிரைக் செல்லாது" என்று சாப்பாட்டு நேரத்தில் நூறு தடவை சொன்னவர் அப்பாதான். கோரிக்கை ஒன்றே ஒன்று: வாரம் ஒரு நாள் விடுமுறை. கொடுக்காவிட்டால் பதினைந்தாம் நாளிலிருந்து படிப்பும் இல்லை, பரீட்சையும் இல்லை.

பலராமன் 'படிப்பு, பரீட்சை ஸ்டிரைக் நோட்டீஸ்' என்ற தலைப்பை மட்டும் படித்தார். "பார்றீ மரகதம், உம் பொண்ணு யூனியன் ஆரம்பிச்சிட்டா" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டார். அதோடு மறந்தும் போனார்.

நேற்று ஞாயிறு, பதினைந்தாம் நாள். சாயங்காலம் கார்டை எடுத்தவருக்குக் கண் இருட்டியது. ஒரு கட்டம்கூட நிரம்பவில்லை. சுத்தமாக வெள்ளை.

"ஸ்டிரைக்கா? அப்ப நல்லாக் கேட்டுக்கோ. நான் லாக்-அவுட். நாளிக்கு ஸ்கூல் கெடையாது. இனிமேலும் கெடையாது. அரக்கோணத்துக்கு உங்க அத்தைக்கு லெட்டர் போட்டுர்றேன். அவ புள்ளைக்குப் பொண்ணு தேடிகினு கீறா."

பையும் பாவாடை தாவணியும் பீரோவுக்குள் போனது அப்போதுதான்.

இனி இன்றைக்கு வருவோம்.

"ஏங்க, சாவியக் குட்த்துட்டுப் போங்க" என்றாள் மரகதம், டிபன் தூக்கைத் துணியால் துடைத்தபடியே. "கொழந்த பரிச்சைய எழுதிட்டு வந்துரட்டும். அப்பறம் பேசிக்கலாம்."

"பரிச்ச எழுத மாட்டேன்னு நோட்டீஸ் உட்டது நானா, அவளா?"

"வயசுப் புள்ள ஏதோ எழுதிட்டா."

"அப்ப ஒரு வார்த்த சொல்லச் சொல்லு. 'தப்புதான், வாபஸ்'னு சொல்லட்டும். சாவி இந்தாண்ட வந்துரும்."

இரண்டு பேரும் மதிவதனியைப் பார்த்தார்கள்.

சொல்லத்தான் நினைத்தாள். சத்தியமாக நினைத்தாள். அவளுக்குப் பரீட்சை எழுத வேண்டும். ஸ்டிரைக் என்று எழுதியபோது, அப்பா சிரிப்பார், 'சரி, ஞாயித்துக்கிழம லீவு எடுத்துக்கோ போ' என்று தலையில் தட்டுவார் என்றுதான் கணக்குப் போட்டிருந்தாள். பீரோ பூட்டப்படும் என்று அந்தக் கணக்கில் வரவில்லை. அரக்கோணம் அத்தை வரவே இல்லை. ஆனால் 'தப்பு' என்று சொல்ல வாயைத் திறந்தால் நாக்கு புரளவில்லை. எது தப்பு? ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டதா?

"பாத்தியா? திமிரு" என்றார் பலராமன்.

மரகதம் தூக்கைக் கையில் கொடுத்தாள். "மேல்தட்டப் பாத்துத் தொறங்க. இறுக்கமாப் போட்டுக்கீறேன்" என்றாள். டி.வி.எஸ். ஃபிஃப்டி இருமிக்கொண்டே தெருமுனை தாண்டியது. சாவியும் கூடவே போயிற்று.

ஆறு மணி, ஏழு மணி என்று கடிகாரம் தன் பாட்டுக்கு ஓடியது. மதிவதனி அசையவில்லை. இரவெல்லாம் பெய்த மழைத் தண்ணீர் கூரை ஓட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

நோட்டீஸை அப்பா நாலு வரி, நாலே நாலு வரி படித்திருந்தால் போதும். அதுதான் அவளுக்கு ஆற்றாமை. ஏனென்றால் அந்த நோட்டீஸில் அவளுடைய சொந்தச் சரக்கு ரொம்பக் குறைவு. எல்லாம் அப்பாவுடைய வார்த்தைகள்.

பலராமனின் கையெழுத்தைக் கடவுளும் மதிவதனியும்தான் படிக்க முடியும். அதனால் கம்பெனிக்கு அவர் எழுதும் ரிப்போர்ட், லெட்டர் எல்லாவற்றுக்கும் ஆறாம் வகுப்பிலிருந்தே ஃபேர் காப்பி எழுதுகிறவள் அவள்தான். அக்டோபரில் மேனேஜருக்கு ஒரு கடிதம் எழுதினார். மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமையும் ஓ.டி. வாங்குகிறீர்கள், ஆட்கள் களைத்துவிட்டார்கள், ரிஜெக்ஷனாகிற ஸ்பிரிங் ஏறிவிட்டது, வாரம் ஒரு நாள் விடுங்கள் என்று. எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆட்களுக்காகப் பேசுகிற அப்பாவைப் பார்த்து அன்றைக்கு மதிவதனிக்கு அவ்வளவு பெருமை. அந்தக் கடிதத்தைத்தான் அப்படியே நோட்டீஸாக மாற்றினாள். 'ஆட்கள்' என்ற இடத்தில் 'மகள்'. 'ஸ்பிரிங்' என்ற இடத்தில் 'மார்க்'. படித்தால் ஒரே நிமிடத்தில் அப்பாவுக்குப் புரிந்திருக்கும்.

படித்தால்தானே!

எட்டேமுக்காலுக்கு வாசலில் சரோஜாவின் குரல். இரட்டைப் பின்னல், சிவப்பு ரிப்பன், கையில் பரீட்சை அட்டை. "மதீ, வர்லியா? நேரமாச்சு!"

மதிவதனி கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். 'ஜுரம்னு சொல்லும்மா' என்று கையால் கெஞ்சினாள்.

மரகதம் ஜுரம் என்று சொல்லவில்லை. "நீ முன்னால போம்மா. அவ அப்பா வந்து இட்டுக்கினு வருவாரு" என்றாள்.

சரோஜா போனதும் மதிவதனி வெளியே வந்தாள். "இன்னாம்மா சொன்ன நீ? அப்பா ஷிஃப்ட் ரெண்டு மணிக்குத்தான் முடியும். அவரா வருவாரு?"

"வருவாரு."

"உனக்கு எப்டித் தெரியும்?"

"பதினெட்டு வருஷமாத் தெரியும்" என்றாள் மரகதம். ஆனால் சொல்லிவிட்டுக் கடிகாரத்தை ஓரக்கண்ணால் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவ்வளவு தைரியம் இல்லை.

ஒன்பது அடித்தது. மதிவதனியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அப்பாவின் கருவிப் பெட்டியிலிருந்து திருப்புளியை எடுத்துக்கொண்டு பீரோவுக்கு வந்துவிட்டாள்.

"ஒடைக்காத" என்றாள் மரகதம். "இப்ப ஞாயம் உம்பக்கம் கீது. பூட்ட ஒடைச்சா அது அவர் பக்கம் பூடும்."

திருப்புளி கீழே விழுந்தது. அதன் பின்னாலேயே மதிவதனியும் சரிந்து உட்கார்ந்தாள். ஆறு மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகை ஒரேயடியாகக் கிளம்பியது.

"நான் இன்னா மெஷினாம்மா? அங்க போனா பெல்லு, இங்க வந்தா கார்டு. ப்ரேயர்ல நிக்க வெச்சு மார்க்கு படிக்கறாங்க. வூட்டுக்கு வந்தா அதே மார்க்க அப்பா படிக்கிறாரு. சோறு திங்கும்போதும் அதான். சரோஜா வூட்டு நாய் குட்டி போட்டு, அதுங்க கண்ணு தொறந்து எட்டு நாளு ஆச்சு. நான் இன்னும் ஒரு குட்டியக்கூடப் பாக்கலம்மா. 'அவுட்' அரை மணி, அதுலயும் இங்கிலீஷ் நோட்டு வாங்கியாரணும். எனக்குப் புக்கத் தொறந்தாலே எழுத்து தெரிய மாட்டேங்குது. உக்காந்துகினு இருக்கேன், அவ்ளோதான். படிக்கல. நேரம் மட்டும் எழுதறேன்."

மரகதம் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். ஆறுதல் சொல்லத் தெரிந்தவள் இல்லை அவள். வேறு எதையோ கேட்டாள்.

"ஏண்டி, அந்தப் பதினாலு நாளு கண்டிப்பாக் குடுக்கணுமா?"

"இன்னா?"

"நோட்டீஸு."

"ஆமா, குடுக்கணும். இல்லாட்டி செல்லாது."

"கையால எழுதுனா போதுமா? டைப் அடிக்கணுமா?"

"கையால எழுதலாம். இப்ப எதுக்கும்மா அது? என் பரிச்சையே போவுது!"

"சும்மாத்தான் கேட்டேன்" என்று மரகதம் எழுந்து போய், சீப்பையும் ரிப்பனையும் எடுத்து வந்து வைத்துக்கொண்டாள். "திரும்பி உக்காரு. தலய வாரி உடறேன்."

"எதுக்கு?"

"உக்காருடி."

இரண்டாவது பின்னலுக்கு ரிப்பன் ஏறிக்கொண்டிருந்தபோது தெருமுனையில் அந்த இருமல் கேட்டது. மதிவதனி ரிப்பனோடு வாசல் பக்கம் திரும்பினாள். அந்த வண்டியின் இருமல் அவளுக்குத் தெரியாதா? ஆனால் இந்த நேரத்தில் எப்படி? மணி ஒன்பதே முக்கால்.

பலராமன் காக்கி யூனிஃபார்மோடு, கையெல்லாம் எண்ணெயோடு உள்ளே வந்தார். செருப்பைக் கழற்ற மறந்திருந்தார். ஒரு கையில் சாவி. இன்னொரு கையில் நாலாக மடித்துப் பிரித்த காகிதம். அதன் ஓரத்தில் எண்ணெய்க் கறை, நடுவில் வட்டமாக ஒரு ஈரம்.

"எட்டு மணிக்குத் தூக்கத் தொறந்தேன்" என்றார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. "இட்லி மேல இது கீது."

மதிவதனி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். மரகதம் ரிப்பனுக்கு முடிச்சுப் போடுவதில் மும்முரமாக இருந்தாள். பதினைந்து நாளாக ஒவ்வொரு முறை சட்டையைத் துவைக்கும்போதும் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து அடுத்த சட்டைப் பையில் பத்திரமாக வைத்து அனுப்பியவள் அவள். பைக்குள் கிடந்தால் இந்த மனிதர் பார்க்க மாட்டார், பசித்தால்தான் பார்ப்பார் என்று இன்றைக்குத்தான் அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

பலராமன் காகிதத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உரக்கப் படித்தார்.

"'தொடர்ந்து ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்குவதால் தங்கள் மகள் களைத்துப் போயிருக்கிறாள். நேரம் கூடியிருக்கிறது, பலன் குறைந்திருக்கிறது. களைத்த கையிலிருந்து நல்ல மார்க் வராது. இதைத் தாங்கள் அறியாதவர் அல்ல.' இத்த யாரு எழுதுனது?"

"நீங்கதாம்பா" என்றாள் மதிவதனி. "நான் ஃபேர் காப்பிதான் பண்ணேன்."

பலராமன் கட்டிலில் உட்கார்ந்தார். எண்ணெய்க் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்தார்.

"என் லெட்டருக்கு மேனேஜரு ரெண்டு மாசமாப் பதில் போடல. அதப் படிக்காமயே டிராயர்ல போட்டுட்டாருன்னு நேத்துக்கூட லைன்ல நின்னு கத்திகினு இருந்தேன். ஒரு மனுசன் எழுதிக் குடுத்தா அத்தப் படிக்கறதுக்கு இன்னான்னு கேட்டேன். நம்ம பசங்கல்லாம் கை தட்டுனானுங்க." அவர் காகிதத்தைப் பார்த்தார். "இது எம் பையிலயே கெடந்திருக்கு. பதினஞ்சு நாளு. சட்ட மாத்தி, சட்ட மாத்தி."

மகளின் கண்ணீரைப் பார்த்துப் பழகாத மனிதர் அவர். இப்போது பார்த்தார். அவர் கண்ணும் கலங்கியது. மறைக்க நினைத்து எண்ணெய்க் கையால் துடைத்ததில் கன்னத்தில் ஒரு கறுப்புக் கோடு விழுந்ததுதான் மிச்சம்.

"எட்டு மணிக்குப் படிச்சவரு இவ்ளோ நேரம் இன்னா பண்ணிகினு இருந்தீங்க?" என்றாள் மரகதம். இந்த நேரத்தில் இதைக் கேட்க அவளால்தான் முடியும்.

"கேட் பாஸ்ல கையெழுத்துப் போட மேனேஜரு ஒம்பது மணிக்குத்தான வர்றாரு! பத்தொம்பது வருஷத்துல ஒரு நாளு கேட்டிருந்தா எப்டி சீக்கிரம் வாங்கறதுன்னு தெரிஞ்சிருக்கும்."

"சரி சரி, பேச்சு அப்பறம். சாவி!"

பீரோ திறந்தது. அடுத்த ஐந்து நிமிடம் அந்த வீட்டில் நடந்ததை எழுத இடம் போதாது. தாவணியை இழுத்துச் செருகி, பேனாவுக்கு மை ஊற்றி, நெற்றியில் விபூதி பூசி, கம்பெனிக்குப் போய்வந்து வண்டியில் தொங்கிய தூக்கிலிருந்தே ஒரு இட்லியை வாயில் திணித்து, மரகதம் மகளை வாசலுக்குத் தள்ளினாள்.

டி.வி.எஸ். ஃபிஃப்டி அன்றைக்கு ஓடிய ஓட்டத்தை அதைச் செய்த கம்பெனியே நம்பாது. பெங்களூர் ரோட்டில் லாரிகள் வரிசைகட்டி நின்றன. பள்ளமெல்லாம் மழைத் தண்ணீர். பலராமன் ஹாரனில் வைத்த விரலை எடுக்கவில்லை. பின்னால் ஜாமெட்ரி பாக்ஸை மார்போடு அணைத்து மதிவதனி உட்கார்ந்திருந்தாள். கோயில் தெரு திரும்பும்போது அப்பா லேசாகத் தலையைத் திருப்பினார்.

"பைத்தாகரஸு ஒரு தடவ சொல்லிப் பாத்துக்கறியா?"

"அப்பா, இப்ப வேணாம்பா!"

"சரி சரி. உட்டுட்டேன், உட்டுட்டேன்."

மதிவதனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். எத்தனை மாதமாயிற்று அப்படிச் சிரித்து.

பள்ளிக்கூடத்துக்குள் நுழையும்போது பத்து மணி பன்னிரண்டு நிமிடம். பரீட்சை ஹால் வாசலிலேயே செந்தாமரை டீச்சர் நின்றிருந்தார். மதிவதனியின் வகுப்பாசிரியை. கண்ணாடியைத் தாழ்த்திப் பார்த்தார் என்றால் எட்டு வகுப்பும் அடங்கும்.

"இதுதான் வர்ற நேரமா? லேட் லெட்டர் எங்கே? ஏன் லேட்டுன்னு எழுத்துல இல்லாம உள்ளே விட முடியாது. ரூல்."

பலராமன் சட்டைப் பையைத் தடவினார். பேனா இருந்தது, பேப்பர் இல்லை. கடைசியில் கேட் பாஸைத் திருப்பி, பின்பக்கத்தில், சுவரில் வைத்து எழுதினார். எழுதி முடித்து இரண்டு கையாலும் நீட்டினார். லேட்டாக வந்த ஆட்கள் அவர் மேஜைக்கு முன்னால் எப்படி நிற்பார்களோ அப்படித்தான் அவரும் நின்றார். மதிவதனிக்குப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

டீச்சர் காகிதத்தை நேராகப் பிடித்துப் பார்த்தார். சாய்த்துப் பார்த்தார். "என்ன சார் இது, தமிழ்தானா? ஒரு எழுத்தும் புரியலையே."

"எம் பொண்ணு படிப்பா டீச்சர்."

காகிதம் மதிவதனி கைக்கு வந்தது. மற்றவர்களுக்குக் கோழிக் கிறுக்கல். அவளுக்கு அச்சடித்த எழுத்து.

"மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு. என் மகள் மதிவதனி இன்று பரீட்சைக்குத் தாமதமாக வந்ததற்குக் காரணம்..."

நிறுத்தினாள்.

"படி" என்றார் டீச்சர்.

"காரணம் நான். அவள் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்தும் நான் படிக்கவில்லை. அவள் மீது தவறு எதுவும் இல்லை. இப்படிக்கு, பலராமன்."

செந்தாமரை டீச்சர் கண்ணாடிக்கு மேலாகப் பலராமனைப் பார்த்தார். கன்னத்துக் கறுப்புக் கோட்டைப் பார்த்தார். பிறகு மதிவதனியைப் பார்த்தார். எத்தனையோ வருஷமாக எத்தனையோ லேட் லெட்டர் வாங்கியிருக்கிறார். ஜுரம், வயிற்று வலி, பஸ் வரவில்லை, மாடு கன்று போட்டது. இப்படி ஒன்று வந்ததில்லை.

"போ, போய் உட்காரு" என்றார். குரலில் பழைய கெடுபிடி இல்லை. "பதறாதே. நேரம் இருக்கு. தெரிஞ்சதை முதல்ல எழுது."

மதிவதனி உள்ளே ஓடினாள். மூன்றாவது வரிசையிலிருந்து சரோஜா 'அப்பாடா' என்று வாயசைத்தாள். கேள்வித்தாளைப் புரட்டியபோது ஆறு மாதத்தில் முதல் தடவையாக எழுத்துகள் எழுத்துகளாகவே தெரிந்தன. நூற்றுக்கு நூறு எழுதிவிட்டாள் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நானும் சொல்ல மாட்டேன். கடைசிப் பக்கத்தில் ஒரு பத்து மார்க் கணக்குக்கு நேரம் போதவில்லை. ஆனால் மணி அடித்தபோது பேப்பரை நிதானமாகக் கட்டிக் கொடுத்தாள். வெளியே வந்து குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு சரோஜாவிடம், "குட்டிங்க மொத்தம் எத்தனடீ?" என்று கேட்டாள்.

"அஞ்சு. ஒண்ணு உன்ன மாதிரியே. யாரு சொன்னாலும் கேக்காது."

வீட்டுக்கு வந்தபோது பலராமன் மறுபடி கம்பெனிக்குப் போய் ஷிஃப்ட்டை முடித்துவிட்டு வந்து, குளித்து, வேட்டி மாற்றி, சிவப்புப் பேனாவோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எதிரில் முறம் நிறைய அரிசியை வைத்துக்கொண்டு மரகதம் கல் பொறுக்கினாள். லேபர் ஆபீசர் மாதிரி நடுவில், இரண்டு பக்கத்துக்கும் சமமான தூரத்தில்.

"எப்டி எழுதுன?" என்று கேட்க வாயைத் திறந்த பலராமன் அதை அப்படியே விழுங்கினார். "சாப்ட்டியா?" என்றார்.

"சாப்ட்டேம்பா."

"ஒக்காரு. பேச்சுவார்த்த." கார்டுக் கட்டை எடுத்தார். மார்ச் மாதம் வரைக்கும் இருந்த ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்திலும் 'லீவு' என்று எழுதிச் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டார். ஒன்று விடாமல். "ஞாயித்துக்கெழம புக்க நீ தொட்டாலும் நான் மெமோ குடுப்பேன். மத்த ஆறு நாளும் கார்டு உண்டு. அதுல கொறைக்க மாட்டேன்."

"சரிப்பா. ஆறு மணிக்கு மேல வெளிய போவக் கூடாதுன்றது?"

"அது வேற கோரிக்க. அதுக்குத் தனி நோட்டீஸ்."

"அப்பா!"

"சரி, ஆறரை."

"ஏழு."

"ஆறே முக்கா. இதான் கடைசி" என்றார் பலராமன். மரகதம் அரிசியிலிருந்து தலையைத் தூக்கி, "முடிஞ்சிது" என்று தீர்ப்புச் சொன்னாள்.

மதிவதனி கொஞ்சம் தயங்கினாள். "அரக்கோணம் அத்தைக்கு லெட்டரு போடறேன்னீங்களே?"

"போட்டுருப்பேன்" என்றார் பலராமன் ரோஷத்தோடு. "உங்க அத்தையால எம் எழுத்தப் படிக்க முடியுமா? ஃபேர் காப்பிக்கு நான் உங்கிட்டதான வரணும்?"

முதலில் சிரித்தவள் மரகதம்தான். பிறகு மூன்று பேரும் சிரித்தார்கள். இரண்டு வாரமாக அந்த வீட்டில் மூச்சை அடக்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அந்தச் சிரிப்போடு வெளியே போயிற்று. மதிவதனி அப்பாவின் தோளில் சாய்ந்தாள். அவருக்குக் கூச்சம், இருந்தும் நகரவில்லை.

மரகதம் முறத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். பலராமன் எழுந்து கார்டை ஆணியில் மாட்டப் போனார். மாட்ட முடியவில்லை. ஆணியில் ஏற்கெனவே ஒரு கார்டு தொங்கியது.

"இது யாருதும்மா?" என்று திருப்பிப் பார்த்தார்.

மதிவதனியின் எழுத்து இல்லை. குண்டுக் குண்டாக, அஞ்சாம் வகுப்போடு நின்றுபோன கையெழுத்து. மை இன்னும் சரியாகக் காயவில்லை.

பெயர்: மரகதம். இன்: காலை 4.30. அவுட் என்ற கட்டம் காலி. அடுத்த நாளும் காலி, அதற்கடுத்த நாளும் காலி. ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் மற்ற நாட்களைவிட அரை மணி முன்னதாகவே இன். கீழே தேதி, 16-12-91. அதற்கும் கீழே பொடி எழுத்தில் ஏழெட்டு வரி.

பலராமன் மகளைப் பார்த்தார். மதிவதனி, 'எனக்குத் தெரியாது' என்று இரண்டு கையையும் விரித்தாள். காலையில் பின்னல் போட உட்காருவதற்கு முன்னால் அம்மா கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றாக அவளுக்கு ஞாபகம் வந்தன.

சமையலறையில் குக்கர் மூடும் சத்தம் கேட்டது. அதன் பின்னால் மரகதத்தின் குரல், கோபமே இல்லாமல்.

"பதினாலு நாளு டைம் கீதுங்க. நிதானமாப் படிங்க."

பலராமன் அலமாரிக்குப் போய் மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். கார்டை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், இந்த முறை முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார்.